பச்சை தெரியும் வெளிச்சம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அவரை டார்ச்சோடு சேர்த்துத்தான் தெரியும். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் அது அவருடைய துணிப்பையில் இருக்கும். அவரைப் பற்றி எழுதினால் அதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். மழை ஏமாற்றிய ஒரு வருடம் எங்கள் ஐயா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மலையேறினார். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அதே தோட்டத்தில் சேர்ந்தார். தங்கையான நான் போடியில் விடுதியில் தங்கிப் படித்தது அவர் சம்பளத்தில். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. யாராவது கேட்டால், "எனக்குப் படிப்பு ஏறல. ஏறுனவ படிக்கிறா" என்பதோடு முடித்துக்கொள்வார்.

பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். அடைத்த அறை, விறகுச் சூட்டை உள்ளே கொண்டுபோகும் இரும்புக் குழாய், அதற்கு மேல் அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். கதவைத் திறந்தால் சூடு போய்விடும். ஆகவே கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியாக டார்ச் அடித்துக் காயின் நிறத்தைப் பார்த்துத்தான் நெருப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். காய் பச்சை மாறாமல் காய வேண்டும். சூடு மிஞ்சினால் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடி வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிடுவார்கள்.

விறகு தள்ளும் வேலையில் தொடங்கிய அண்ணன் பின்னாளில் அந்த முடிவைச் சொல்பவரானார். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு தோட்டக்காரர்களும் அவரை நம்பிக் காயைக் கொண்டுவந்தார்கள். அவர் "எடுக்கலாம்" என்ற பிறகுதான் தட்டுகள் வெளியே வரும்.

அவர் வைத்திருந்தது ஐயாவின் டார்ச். வெள்ளை முலாம் பூசிய பித்தளை உடம்பு, மூன்று பெரிய பேட்டரி போடுவது. அடிமூடியில் ஐயா தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் துருப்பிடித்தது. அதற்கான குண்டு பல்பும் போடிக் கடைகளில் கிடைக்காமல் போனது.

"ஏங்க, ஒரு புது டார்ச்சு வாங்குனா சோலி முடிஞ்சிச்சு" என்றார் அண்ணி.

அண்ணன் வாங்கவில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஓர் எல்.இ.டி., ஒரு ரீசார்ஜ் பேட்டரி, பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் சிறு சர்க்யூட் பலகை ஆகியவற்றோடு வந்தார். புதுப் பேட்டரி ஒல்லியாக இருந்தது, பழைய உடம்போ அகலம். ஆடாமலிருக்கத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்து உள்ளே செருகினார். எல்.இ.டி. சூடாகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், அதன் முதுகில் ஒட்ட அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டினார். பல்பு இருந்த அதே உயரத்தில் அது உட்கார்ந்தால்தான் வெளிச்சம் குவியும். வாஷரை வைத்துப் பார்ப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக அந்த ஞாயிற்றுக்கிழமை போனது. சார்ஜர் முனை நுழைய அடிமூடியில் துளை போட்டார், ஐயாவின் எழுத்தில் படாமல்.

"இதுல பழசுன்னு என்னதான் மிச்சம்?" என்று அண்ணி கேட்டார்.

"சுவிட்சும் எங்கய்யாவும்."

வெளிச்சம் அபாரமாக இருந்தது. எதிர்ச் சரிவில் நின்ற மரத்தின் கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறை வாங்கி அடித்துப் பார்த்தார்கள்.

அந்த வாரம் ஸ்டோருக்கு வந்தது பொன்னுத்தாய் அக்காவின் காய். சிலமலை ஊரைச் சேர்ந்தவர். கணவர் இறந்த பிறகு மலையிலுள்ள சிறு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு வருமானம் அது ஒன்றுதான். அண்ணன் வழக்கம்போல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். காய் நல்ல பச்சையாகத் தெரிந்தது. நெருப்பைக் குறைக்கவில்லை. மறுநாள் காலை தட்டுகளை வெயிலுக்குக் கொண்டுவந்தபோது காய் வெளுத்திருந்தது.

பொன்னுத்தாய் அக்கா ஒரு கை அள்ளிப் பார்த்தார். "மலையே தெரியுற லைட்டு போட்டீகளே அண்ணே. ஏங் காயி தெரியலயா?"

அண்ணன் சமாதானம் சொல்லவில்லை. "தப்பு ஏம்மேலதான் தாயி. எப்படின்னு இன்னும் தெரியல" என்றார்.

மலையில் மஞ்சுமூட்டம் இறங்கி வெளிச்சம் மங்கிய அன்று மாலை, அவர் வெளுத்த காயில் ஒரு பிடியையும் நல்ல காயில் ஒரு பிடியையும் ஒரு துண்டில் பரப்பிப் புது டார்ச்சை அடித்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. பிறகு லோடு ஏற்ற வந்திருந்த பழைய ஜீப்பின் முன்விளக்கைப் போடச் சொல்லித் துண்டை அதன் முன்னால் பிடித்தார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெளுப்பு தனியாகத் தெரிந்தது. ஐயாவின் குண்டு பல்பு தந்ததும் அந்த மஞ்சள்தான். அத்தனை வருடம் அந்த வெளிச்சத்தில் பழகிய கண்ணை எல்.இ.டி.யின் நீலம் கலந்த வெள்ளை ஏமாற்றிவிட்டது.

அடுத்த பஸ்சில் போடிக்கு இறங்கி, மஞ்சள் கலந்த எல்.இ.டி. கேட்டார். கடைக்காரர் தயங்கினார். "அது வெளிச்சம் கம்மிண்ணே. எல்லாரும் வெள்ளையத்தான் கேக்குறாங்க."

"வெளிச்சத்த வச்சு நான் என்ன செய்யப் போறேன்? எனக்கு நெறம் தெரியணும்."

கடையிலிருந்த மஞ்சள் எல்.இ.டி.களை ஒவ்வொன்றாக எரியவிட்டு, இரண்டு வகைக் காயையும் அதன் கீழே வைத்துப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மீண்டும் தகடு, மீண்டும் வாஷர்.

காய் வெளுத்த செய்தியும் அதற்குக் காரணம் வெள்ளை லைட் என்பதும் அதற்குள் மலையில் பரவியிருந்தன. அடுத்த பறிப்புக்குச் சிலர் வேறு ஸ்டோருக்குப் போனார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. பொன்னுத்தாய் அக்கா வருவாரா என்பது மட்டுமே அவருக்குக் கேள்வியாக இருந்தது என்று அண்ணி சொல்வார். ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். "சோத்துல கைய வச்சுட்டு எந்திரிக்காதீக. வர்றவ வெரசா வந்தா என்ன, மெதுவா வந்தா என்ன" என்று அண்ணி அதட்டுவாராம்.

பொன்னுத்தாய் அக்கா வந்தார். மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு அண்ணனிடம் சொன்னார்:

"வேற ஸ்டோருக்குன்னுதான் கெளம்புனேன். அங்கயும் வெள்ளை லைட்டுதான் வச்சிருக்கான். அவன் இனிமேத்தான் காயக் கெடுக்கணும். நீங்க கெடுத்து முடிச்சுட்டீக. அதான் இங்க வந்தேன்."

அண்ணன் சிரித்ததை அன்று ஸ்டோரில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அந்தக் காய் பச்சையாக இறங்கியது. போனவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அண்ணன் நிறைவோடு வாழ்ந்தார். பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தார். போடியில் சிறு வீடு கட்டினார். விறகுப் புகை நெஞ்சைப் பிடித்த பிறகு மலையிலிருந்து இறங்கி அந்த வீட்டில் இருந்தார். ஒருநாள் பொன்னுத்தாய் அக்கா கைநிறையப் புதுக் காயோடு பார்க்க வந்தார். ஸ்டோரில் இப்போது பொறுப்பில் இருப்பவர் இறக்கிய காய் அது. அண்ணன் அண்ணியிடம் டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்து, "சரியா எடுத்திருக்கான்" என்றார். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலைப் பொழுதில் அமைதியாகக் கண் மூடினார்.

மூச்சுத் திணறியபோதெல்லாம் ஜீப்பை மெதுவாக ஓட்டி மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஓட்டுநர்களுக்கும், மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி நாளில் அடுப்புப் பொறுப்பை ஏற்ற தெருக்காரர்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த மலரோடு உங்கள் கைக்கு வரும் சிறு பொட்டலத்தில் இருப்பது பொன்னுத்தாய் அக்கா தோட்டத்து ஏலக்காய். பொட்டலம் கட்ட உட்கார்ந்தபோது நடுப்பகல். அண்ணி உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தார். சன்னலைச் சாத்தச் சொல்லி, முறத்தில் பரப்பிய காயின் மேல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அடித்துப் பார்த்தார். பிறகு சுவிட்சைத் தள்ளி அணைத்தார்.

"எடுக்கலாம்" என்றார்.