தாத்தாவும் அண்ணனும் ஒருவர்தானாம்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் பஸ். பக்கத்தில் அம்மா. பொழுது போகாமல், இலவசமாகக் கிடைத்த ஒரு வம்சாவளி ஆப்பில் குடும்பத்தாரின் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தாத்தா வைத்திலிங்கம், காலமானவர். அவர் பெயரையே வைத்ததால் அண்ணனும் வைத்திலிங்கம். போன தை மாதம் காலமானவன்.

'இருவரும் ஒரே நபராகத் தெரிகிறது. இணைக்கலாமா?' என்று ஆப் கேட்டது.

'சரி' என்று அழுத்திவிட்டேன். தை மாதத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் கட்டத்துக்குள் அண்ணனின் ஐடி கார்டு போட்டோ போய் உட்கார்ந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பெரியவன எங்கடி காணும்?"

"தாத்தா கட்டத்துக்குள்ள போயிட்டான்மா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு இல்லியா."

மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், அம்மா அண்ணனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து 'பெரியவன்'தான். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அப்படிச் சொல்லித்தான் அழுதாள்.

இன்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: "வைத்திலிங்கம் என் புள்ளடி. தனியா போடு."

கண்டக்டர் வந்து, "வைத்திலிங்கம் யாரும்மா? அவருக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

"அவன் வரல தம்பி. நாங்க ரெண்டு பேருதான்."

இணைத்தவர்களைப் பிரிக்கும் பட்டன் அந்த ஆப்பில் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அம்மா, "போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள்.