ஆளில்லாத ஊரின் ஆதியம்மாள்

ஆதியம்மாள் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா; நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நான் மருமகளாக மண்மேட்டுக்குப்பத்துக்குள் கால் வைத்த அன்று முதலில் கேட்டது அவளுடைய குரலைத்தான். பந்தல் மூங்கிலைக் கோணலாக நட்டதற்காக ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் பிடுங்கி நேராக நட்ட பிறகும் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்யப் போகிறோம் என்று எனக்கு அப்போதே கவலை வந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் பிறவிக் குணம் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலையில் மீன்கூடையோடு கால்வாயில் இறங்கி, சதுரங்கப்பட்டினம் வரை நடந்து, பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் போய் விற்றுவிட்டு வருகிறவளுக்குக் கோபம் வர எத்தனையோ காரணம் இருந்தது. வாங்க வருகிறவர்கள் கூடைக்குள் கையை விட்டுக் கலைத்துவிட்டு, நேற்று மீன் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். ஒரு கண்டக்டர் நாற்றம் அடிக்கிறது என்று கொட்டும் மழையில் பாதி வழியில் இறக்கிவிட்டான். மறுநாள் அதே இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே கூடையை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த பஸ்ஸை நகரவிடாமல் செய்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் கூடையை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் புருஷன் முனிசாமி அவளுக்கு நேர் எதிர். கட்டுமரத்தை இழுத்துப் போட்டுவிட்டு வந்தால், சோறு தின்று முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டார். பிறந்ததில் தங்கியது ஒரே பெண், மீனாட்சி. அப்பாவைப் போல அமைதி. அம்மா யாரையாவது திட்ட ஆரம்பித்தால், பின்னால் நின்றுகொண்டு திட்டு வாங்குகிறவரைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பால்தான் பல சண்டைகள் கைகலப்பு வரை போகாமல் இருந்தன.

எங்கள் குப்பம் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் வெறும் மணல்மேடு. அதன் மேல் எங்கள் ஓலைக் குடிசைகள். வடக்கே கேசவன் என்பவரின் சவுக்குத் தோப்பு. ஊருக்கு வர ரோடு கிடையாது. தண்ணீர் வற்றும்போது கால்வாயில் இடுப்பளவில் நடந்து வரலாம். மற்ற நேரத்தில் ஒரே ஒரு தோணி. மழைக்காலத்தில் அதுவும் ஓடாது. ஒரு பாலம் வேண்டும் என்று கேட்காத தேர்தல் இல்லை. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்கூட அக்கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜனத்தொகை எடுத்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அனுப்பப்பட்டவர் ஜானகிராமன் என்ற வாத்தியார். அவர் கால்வாய்க் கரை வரை வந்தார். தோணிக்காரன் கடலுக்குப் போயிருந்தான், தண்ணீர் ஏறியிருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு நின்ற வாத்தியாரிடம் கேசவன், அந்தப் பக்கம் இருப்பது மீன் சீசனுக்கு வந்து போகிற ஆட்கள், குடி யாரும் இல்லை என்று சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மணல்மேடு முழுக்கச் சவுக்கு வைக்க வேண்டும் என்பது கேசவனின் வெகுநாள் ஆசை. வாத்தியார் இளநீரைக் குடித்துவிட்டு அப்படியே எழுதிவிட்டார். எங்கள் அடுப்புப் புகை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இதெல்லாம் எங்களுக்கு வெகு காலம் கழித்து, அந்த வாத்தியார் வாயாலேயே தெரிந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் சதுரங்கப்பட்டினத்தில் வாந்திபேதி கண்டது. சுகாதாரத்துறை ஆட்கள் வந்து அக்கம்பக்கத்துக் குப்பங்களில் எல்லாம் காலரா ஊசி போட்டார்கள், கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். நாங்கள் காத்திருந்தோம். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. எங்கள் ஊரிலும் இரண்டு வீட்டில் ஆள் படுத்த பிறகு, அண்ணி இனிமேல் பொறுக்க முடியாது என்று கிளம்பினாள். தோணியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையைப் பிடித்து நீந்தியே அக்கரை போனாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் மேரி என்ற நர்ஸம்மா ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். எங்கள் ஊர் அதில் இல்லை. மேலதிகாரியிடம் ஓடிப் போய்க் கேட்டாள். காகிதத்தில் இல்லாத ஊருக்கு மருந்து இல்லை, வேண்டுமானால் ஜனங்கள் இங்கே வரட்டும் என்றார் அவர். அந்த வெள்ளத்தில், கிழவர்களையும் கைப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

அண்ணி ஈரப் புடவையோடு திரும்பி வந்தபோது மீனாட்சி படுத்துவிட்டிருந்தாள். நெம்மேலியில் மாப்பிள்ளை பார்த்துத் தை மாதத்துக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த பெண். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து கருவாடு உதறியவள். விடியும்போது என் மடியில் அவள் கை சில்லிட்டுப் போனது.

அன்று காலையில் மேரி வந்தாள். யாரிடமும் சொல்லாமல், மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் இருவர் பிடித்த கட்டைமேல் உட்கார்ந்து கால்வாயைத் தாண்டி வந்துவிட்டாள். கரை ஏறியவள் கண்ணில் முதலில் பட்டது பாடை கட்டுகிற மூங்கில்தான். பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

அண்ணி அவளைத் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று பயந்தேன். அவள் எழுந்து போய் மேரியின் தலையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தாள்.

"மொதல்ல உசுரோட கீறவங்களுக்குப் போடும்மா. என் பொண்ணுகிட்ட அப்பால வரலாம்," என்றாள்.

மேரி ஒவ்வொரு குடிசையாக ஏறி இறங்கினாள். எங்கள் ஊற்றுக் குழிகளில் மருந்து போட்டாள். படுத்திருந்தவர்களில் ஒரு கிழவர் மட்டும் போனார். மற்றவர்கள் பிழைத்தார்கள். மேரி மட்டும் வராமலிருந்தால் ஊரே போயிருக்கும்.

காரியம் முடிந்த பிறகு அண்ணி மேரியைத் தேடிப் போய்க் கேட்டாள், எங்கள் ஊர் ஏன் காகிதத்தில் இல்லை என்று. மேரி மறைக்கவில்லை. வட்டாரக் கையேடு என்று ஒன்று அச்சடித்திருக்கிறார்கள், எந்த ஊரில் எத்தனை ஜனமோ அதை வைத்துத்தான் மருந்து வரும், உங்கள் ஊருக்கு நேராக மக்கள் இல்லை என்று போட்டிருக்கிறது என்று சொன்னாள். அண்ணிக்கு அது புரியவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம், நாம் இல்லையென்றால் இத்தனை வருஷமாக நான் யார் என்று தனக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் அவளும் நானும் செங்கல்பட்டுக்குப் போனோம். அந்தப் புத்தகத்தைப் போட்ட ஆபீஸ் மாடியில் இருந்தது. காலையிலிருந்து உட்காரவைத்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்துதான் சிவப்பிரகாசம் என்ற அதிகாரி உள்ளே கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஏம்மா, என்ன விஷயம் என்று தன்மையாகத்தான் கேட்டார். அண்ணி சொல்லி முடித்ததும் அலமாரியிலிருந்து காலிகோ அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தார்.

அதில் வட்டத்தின் வரலாறு இருந்தது, நிலவியல் இருந்தது, மக்கள்தொகை இருந்தது. அவருக்கு அந்தப் புத்தகத்தில் பெருமை. உங்கள் பக்கத்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம் பாருங்கள் என்று காட்டுகிற மாதிரி சதுரங்கப்பட்டினத்துப் பகுதியை வாய்விட்டுப் படித்தார். ஒல்லாந்தர் கோட்டை கட்டியது, அவர்கள் துணி வாங்கிக் கப்பலேற்றியது, கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகள், அதில் புதைக்கப்பட்டவர்களின் பெயர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு பின்பக்கம் புரட்டி எங்கள் ஊரைத் தேடி விரல் வைத்தார். மண்மேடு, கடலோரப் புறம்போக்கு, குடியிருப்பு இல்லை.

அண்ணி குனிந்து அந்த விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"செத்துப் பூட்ட வெள்ளக்காரன் பேரு, அவன் பொண்டாட்டி பேரு, புள்ள பேரு எல்லாம் எய்திக்கினு கீறீங்க. என் பொண்ணு போன மாசம் வரைக்கும் உசுரோட இருந்தா சார். அவ இன்னா, ஆளு இல்லியா?"

அதிகாரி புத்தகத்தை மூடினார். தப்பு நடந்திருக்கலாம் என்றார். ஆனால் அச்சாகிவிட்டது, அடுத்த கணக்கு எண்பத்தொன்றில் வரும், அப்போது சரியாகச் சேர்த்துவிடுவார்கள், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். அண்ணி மேஜைமேல் கையை நீட்டிப் புத்தகத்தை இழுத்தாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் விரல் வைத்த பக்கம் எது என்று கண் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்து ஒரே கிழி. பியூன் ஓடி வந்து கையைப் பிடித்தான். அவள் அந்தக் காகிதத்தைக் கசக்கி வாயில் போட்டு மென்றாள். நான் அண்ணி, அண்ணி என்று கத்துகிறேன், அவள் அதிகாரியையே பார்த்துக்கொண்டு மென்று, அவர் காலடியில் துப்பினாள். அவர் எழுந்து, போலீசைக் கூப்பிடச் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். தேவசகாயம் என்ற ஏட்டு பெயர் கேட்டார், புருஷன் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். மண்மேட்டுக்குப்பம் என்று அண்ணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று அவர் சந்தேகப்படவே இல்லை. கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் என் புருஷன் குதித்தார். பெண்ணைப் பறிகொடுத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, நாளைக்கு எல்லோரையும் சேர்த்து உள்ளே போடுவார்கள் என்றார். பஞ்சாயத்தாரும் அதையே சொன்னார்கள். முனிசாமி அண்ணன் மட்டும் வலையைத் தைத்தபடி, "அவ துப்புனது கம்மி," என்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரர், கால்சட்டை நனைய எங்கள் கால்வாயைத் தாண்டித்தான் வந்தார். ஓலைக் குடிசைக்கு முன்னால் நின்று அண்ணியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கோர்ட்டில் அவள் எதையும் மறுக்கவில்லை. கிழித்தாயா என்றதற்குக் கிழித்தேன் என்றாள். மென்றாயா என்றதற்கு ஆமாம் என்றாள். ஏன் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் மீனாட்சியைப் பற்றிச் சொன்னாள், மேரியைப் பற்றிச் சொன்னாள். ஆபீஸ் சார்பில் வந்திருந்த வக்கீல் எழுந்து, பதிவுகளின்படி அந்த இடத்தில் குடியிருப்பே கிடையாது, இந்தப் பெண் அனுதாபம் தேடுவதற்காகக் கதை சொல்கிறாள் என்றார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆளே இல்லாத ஊருக்கு சம்மன எடுத்துக்கினு யார் வூட்டுக்கு வந்தாரு அந்த போலீஸ்காரரு?"

 மாஜிஸ்திரேட் வழக்குக் காகிதங்களைப் புரட்டி, சம்மன் நகலில் இருந்த அண்ணியின் கைநாட்டைப் பார்த்தார். வக்கீலிடம், குடியிருப்பு இல்லையென்றால் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவள் எங்கே வசிக்கிறாள் என்று கேட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கிழித்தது குற்றம்தான் என்று தீர்ப்பு. கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை. கூடவே, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று ஆபீசுக்கு உத்தரவும் போட்டார். அண்ணி பெஞ்சில் முதுகு சாயாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறு வருஷக் கோடையில் சர்வே ஆட்கள் வந்தார்கள். குடிசை குடிசையாகப் பெயர் எழுதினார்கள். கேசவனின் சவுக்குத் தோப்பு எங்கள் எல்லைக்குள் ஏறியிருந்ததையும் அளந்து பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு கைப்பம்பு வந்தது. மேரிக்கு எங்கள் ஊரும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. உத்தரவை மீறியதற்காக அவளை வேறெங்கோ மாற்றப் பார்த்திருக்கிறார்கள்; அது எப்படியோ நின்றுபோனது. பாலம் மட்டும் வரவில்லை. மக்கள்தொகை போதாது என்றார்கள்.

ஜானகிராமன் வாத்தியார் ஒருநாள் தானாகவே வந்தார். கால்வாயில் நடந்து வந்ததில் வேட்டி நனைந்திருந்தது. இளநீர் குடித்த கதை வரை ஒன்றையும் மறைக்காமல் எங்களிடம் சொன்னார். அவருக்கும் வயசுப் பெண் இருந்தாள் போலிருக்கிறது, அதைச் சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு இளகிவிட்டது. அவரை உட்காரச் சொன்னேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வாத்தியாரே, அன்னிக்கும் இந்தக் கால்வாதான், இன்னிக்கும் இந்தக் கால்வாதான். இன்னிக்கி வரத் தெரிஞ்சுதுல்ல? எய்ந்து போ," என்றாள்.

அவர் எழுந்து போனார். மன்னித்திருக்கலாமே என்று பிறகு நான் சொன்னேன். சர்வே நடந்தது, பம்பு வந்தது, இனியாவது கொஞ்சம் ஆறக்கூடாதா என்றேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் அருவாமனையை விட்டு நிமிரவில்லை. எனக்குச் சேரவேண்டியதை எனக்குக் கொடுத்ததற்கு நான் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்டாள்.

அதன் பிறகும் பல வருஷம் அவள் கூடை சுமந்தாள். பாலத்துக்காக ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். மீன் விற்றுவிட்டு வருகிற கையோடு போவாள். மீன் வாடையோடு உள்ளே வராதே என்று எந்த பியூனும் அவளிடம் சொன்னதில்லை. சில ஆபீசுகளில் அவளைக் கண்டதும் மேஜைமேல் இருக்கும் புத்தகங்களை எடுத்து உள்ளே வைப்பார்களாம். அதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.