வலது காதுப் பக்கம்

போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவனுக்குக் காது போவது சகஜம். கம்ப்ரசர் இரைச்சலில் நாங்கள் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வோம். எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது சுமார். விவாகரத்துக்கு அப்புறம் அது வசதியாகக்கூட இருந்தது. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் காதில் விழாதவன்போல உட்கார்ந்துவிடுவேன்.

போன ஞாயிறு மத்தியானம் மகள் திருச்செங்கோட்டில் என் வீட்டுக்கு வந்தாள். பத்தாவது படிக்கிறாள், சூரமங்கலத்தில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். என்னோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வந்தவள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதிக்குப் பயந்து டிவியைப் போட்டு ரிமோட்டைக் கட்டிலில் வைத்தேன். நாடகத்திலும் விவாகரத்தான ஒரு அப்பன், முகம் கொடுக்காத ஒரு மகள். சனியன், இன்றைக்குத்தானா இதைப் போட வேண்டும்! சேனலை மாற்றிவிடலாம் என்று கையை நீட்டினால், ரிமோட் மகள் கையில் இருந்தது. ரிக்கில் துளை போடும் இரும்பு ராடு கழன்று தலைக்கு மேல் ஆடியபோதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை.

"மாத்து சாமி, வெறும் அழுவாச்சி நாடகம்," என்றேன்.

அவள் மாற்றவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். மேலும் மேலும் கூட்டினாள்.

"ஏம்ப்பா எங்கள விட்டுட்டுப் போனீங்க?" என்று நாடகத்துப் பெண் கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மகள் டிவியை அணைத்தாள். எழுந்து என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேட்டுச்சுங்களாப்பா?"