கனடாவில் இருக்கும் அக்கா

மனநல ஆஸ்பத்திரியில் சமூக சேவை உத்தியோகம் என்றால், சுகமானவர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை. என்னைப்போல அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விக்டோரியா மகாராணி காலத்தில்

அந்தக் காலத்து இங்கிலாந்தில், வீட்டுக்கு இடைஞ்சலான பெண்ணைப் பைத்தியம் என்று உள்ளே தள்ளிவிடுவார்களாம். பிறகு சொந்தக்காரர் பொறுப்பெடுத்தால்தான் வெளியே வர வழி. கனவான்களும் சீமாட்டிகளும் வந்து சுற்றிப் பார்ப்பார்களாம். இதைப் பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். அதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்தேன்.

அண்மையில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா ஃபோனில் கதைத்தார். பேரனின் பிறந்தநாளுக்கு எங்கள் பெண்கள் வார்ட்டுக்கு மத்தியானச் சாப்பாடு தர விருப்பமாம். நல்ல மனம் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் கேட்டார்: "சின்னப் பிள்ளையும் வருது மிஸ். அதுகள் கம்பிக்கு உள்ளுக்குத்தானே நிக்கும்?"

சுகந்தியின் தம்பி

அந்த வார்ட்டில்தான் சுகந்தி இருக்கிறார். நோய் தெளிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிக் கனகாலம். இருக்கிற ஒரே சொந்தம், வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் தம்பி. பொறுப்பெடுத்துக் கூட்டிப்போக வரச்சொல்லிக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது. கல்யாணம் பேசியபோது, அக்கா கனடாவில் இருக்கிறார் என்று பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டாராம். அங்கே அவருக்கு ஒரு புருஷனையும் கட்டிவைத்திருக்கிறார். சுகந்தியிடம் இதை நான்தான் சொல்லவேண்டி வந்தது, அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி சொன்ன நியாயம் இதுதான்: "சுகமாகிட்டா எண்டா சந்தோசம் மிஸ். ஆனா இப்ப கூட்டிக்கொண்டு போனா, புருஷன் எங்க எண்டு மனுசி வீட்டார் கேப்பினமே?"

பிறந்தநாள் சாப்பாடு

சாப்பாட்டு வேனிலிருந்து அந்த அம்மாவும் மகளும் பேரனும் இறங்கினார்கள். பின்னால் இறங்கிய மருமகனைக் கண்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுகந்தியின் தம்பி! மாமியாரிடம் வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை போலும்.

தம்பியே சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார். வரிசையில் சுகந்தி வந்தார். அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனுஷன் குனிந்த தலை நிமிராமல் பார்சலை நீட்டினார். கத்திச் சொல்லிவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. நோயாளியின் கதையை வெளியில் விடக்கூடாது என்ற விதி என் வாயைக் கட்டியது.

சுகந்தி பார்சலை வாங்கினார். முதன்முதலாகப் பார்க்கும் தம்பி மகனின் கன்னத்தைத் தடவி, "கனடா மாமி உங்களுக்கு என்ன அனுப்பினவ, ராசா?" என்று கேட்டார். பையன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த ஆள் வாங்கோ."

சுகந்தி இன்றைக்கும் எங்கள் வார்ட்டில்தான் படுக்கிறார். வெள்ளவத்தைச் சனத்தைக் கேட்டால், கனடாவில் குறையில்லாமல் வாழ்கிறார்.