வரிசையின் கடைசியில் நின்ற புஷ்பம் அக்கா

புஷ்பம் அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது சக்குபள்ளத்தில் என் பலகாரக் கடையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. ஆனைக்கரையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கணவர் போன பிறகு தன் தம்பி அந்தோணியின் ஏலக்காய் ஸ்டோருக்கு வந்தவர் அவர். நான் அங்கே வேலை பார்த்த நாளில் காலையில் கதவைத் திறப்பது, காய் உலர்த்தும் அறைக்கு விறகு போடுவது, எங்களைத் தரம் பிரிக்க உட்காரவைப்பது எல்லாம் அக்காதான். "காயப் பாத்து பொறுக்குங்கடி, என் மூஞ்சியில என்ன இருக்கு" என்பார். அவர் வைதால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

சனிக்கிழமை சம்பளம். அந்தோணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கவர் கொடுப்பார். அக்கா பெயரையும் கூப்பிடுவார். வீட்டு ஆளுக்கும் சம்பளம் உண்டென்று ஊருக்குத் தெரிய வேண்டுமே! அக்கா கவரை வாங்கி, கண்ணில் ஒற்றி, மாதா படத்தின் முன்னால் வைக்க வேண்டும். நாங்கள் கிளம்பியதும் அது அந்தோணியின் டிராயருக்குப் போய்விடும். குடும்ப வழக்கமாம். மாதாவை வைத்து இப்படி ஏமாற்ற எப்படித்தான் மனம் வந்ததோ.

ஒரு சனிக்கிழமை அக்கா கவரை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மாதாகிட்ட வைக்கலையாக்கா?" என்றார் அந்தோணி.

"மாதா என்ன செலவு பண்ணப் போறா? எனக்குக் கண்ணாடி போடணும்."

"கேட்டா நான் வாங்கித் தரமாட்டேனா? ஒனக்கு எதுக்குக்கா தனியா காசு?"

"செல்விகிட்ட எதுக்குன்னு கேட்டியாடா? அவளும் வேலை பாத்தா, நானும் வேலை பாத்தேன்."

செல்வி நான்தான். எல்லோர் முன்னாலும் அந்தோணி கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் பெயரைக் கூப்பிடுவதே நின்றுபோனது. அக்கா வேலையை விடவில்லை. விட்டால் எங்கே போவார்? ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக் கண்ணாடியோடு வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்றார். அந்தோணி டிராயரைப் பூட்டும்வரை நின்றுவிட்டு விறகு போடப் போவார். கால் வலிக்காதா என்று கேட்டேன். "வலிக்கும். அவன் பாக்கட்டும்" என்றார்.

அடக்கத்தன்று அந்தோணி ஒரு கவரைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். "அக்கா இல்லன்னா ஸ்டோரே இல்ல" என்று கதறினார். கூட்டமே சேர்ந்து அழுதது. வரிசையில் உயிரோடு நின்றவருக்குக் கொடுக்காமல் பெட்டியில் கிடப்பவருக்குக் கொடுக்கிறாராம். பெட்டியை மூடுவதற்கு முன் அந்தோணியின் மனைவி குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை மாதா படத்தின் முன்னால்கூட வைக்கவில்லை.

என் கடையில் மருமகளும் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை தோறும் அவளுக்குச் சம்பளம் உண்டு. முதல் தடவை வாங்கக் கூசி, "நமக்குள்ள எதுக்கு அத்தை?" என்றாள்.

"எதுக்குன்னு நான் கேக்கமாட்டேன், நீயும் கேக்காத" என்று கையில் வைத்தேன்.

புஷ்பம் அக்கா எனக்கு விட்டுப்போனது அதுதான்.