பாதிக் கிணற்று ராட்டினம்

எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினம் போட்ட சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் கூசுகிறது. விடியற்காலையில் அம்மா முதல் வாளியை இறக்கும்போதே ஆரம்பித்துவிடும். கீச்சென்று இறங்கி, கீச்சென்று ஏறி, தெருக்கோடியில் கட்டியிருக்கும் எருமைகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் இந்தக் கச்சேரிதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நைனா கண்ணை மூடுவார். சரியாக அப்போது பார்த்துத்தான் அம்மாவுக்குத் தண்ணீர் தீர்ந்துபோகும்.

"அந்தச் சனியனுக்கு ரெண்டு சொட்டு எண்ண வுடக் கூடாதா? இன்னா பொம்பள நீ!" என்று நைனா படுத்தபடியே கத்துவார்.

"வுடறேன், வுடறேன். எனக்கு இன்னா பத்து கையா இருக்குது?" என்று அம்மா கிணற்றடியிலிருந்தே பதில் சொல்லுவாள். விடமாட்டாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் நைனாவே எழுந்துபோய் விளக்கெண்ணெய் விட்டார். வீடு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பழையபடி கீச். தூசு அடைத்துக்கொண்டது என்றாள் அம்மா.

அது முழுக் கிணறு அல்ல, பாதிக் கிணறு. தாத்தா காலமானபின் நைனாவும் பெரியப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு பாகம் பிரித்தார்கள். நிலம் பிரிந்தது, மாடு பிரிந்தது, வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. கிணறு கொல்லையில் இரண்டு பாகத்துக்கும் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. கிணற்று வாயின் குறுக்கே ஒரு கல் உத்தரத்தைப் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பி, அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ராட்டினம் என்று முடித்தார்கள். சுவர் உத்தரத்தோடு நின்றது. அதற்குக் கீழே கிணறு எப்போதும்போல ஒன்றாகவே இருந்தது.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆகியிருந்த சமயம் அது. புத்தூர், நகரிப் பக்கமெல்லாம் எந்த ராஜ்யத்தில் இருக்க வேண்டும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நைனா மதராஸ் என்றார், அதனால் பெரியப்பா ஆந்திரா என்றார். இல்லை, பெரியப்பா ஆந்திரா என்று சொன்னதால்தான் நைனா மதராஸ் என்றாரோ என்னவோ. சர்க்கார் அந்த எல்லையை வருஷக்கணக்காக முடிக்க முடியாமல் முழித்தது. எங்கள் எல்லையை ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் கட்டி முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வீட்டு ஆள் யாரும் அந்த வீட்டு ஆளோடு பேசக் கூடாது என்று நைனா உத்தரவு போட்டார். பெரியப்பாவும் அதே உத்தரவைப் போட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

எனக்கோ பெரியம்மா மேல்தான் ஆத்திரம். அவளுக்குப் பிள்ளை இல்லை. சுவர் வரும்வரை நான் தின்றது, தூங்கியது, அடம்பிடித்தது எல்லாம் அவள் மடியில்தான். சுவர் வந்த பிறகு, தெருவில் பெரியப்பாவோடு எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். ஜாத்திரையன்று கூட்டத்தில் "பெரிம்மா!" என்று பலமாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. சரிதான் போ, நீ யாரோ நான் யாரோ என்று அன்றைக்கே மனசுக்குள் டூ விட்டுவிட்டேன். ஏழு வயதில் ஒரு டூவுக்கு இருக்கும் பலம் ராஜ்யங்களுக்குக்கூட இருப்பதில்லை.

இதற்கு நடுவில் அம்மாவிடம் ஒரு பைத்தியக்காரப் பழக்கம். அவளே எனக்குச் சோறு போடுவாள், அவளே பக்கத்தில் நின்று பார்ப்பாள். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் சேந்திக்கொண்டு உள்ளே வந்து, "நல்லா துன்னியாடி? இன்னா துன்னே?" என்று புதிதாகக் கேட்பாள்.

"நீதான போட்டே!"

"கேட்டா சொல்லேண்டி."

"கழுத்து மட்டும் துன்னேன், போதுமா!" என்று எரிந்து விழுவேன். உடனே மறுபடி கிணற்றடிக்குப் போவாள். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அதிலேயே இன்னும் ஒரு வாளி சேந்தி ஊற்றுவாள். இந்த அம்மாவோடு எப்படித்தான் காலம் தள்ளப்போகிறோமோ என்று எனக்கு இருக்கும்.

அந்தக் கோடையில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத பையன் என்று நைனாதான் அவரைத் திருப்பதியில் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாமா பௌதிகத்தில் தோற்றுவிட்டு, தோற்ற பாடத்தை எங்களுக்கு நடத்த வந்துவிட்டார். தட்டு கை தவறி விழுந்தால் எடுக்கமாட்டார், ஏன் விழுந்தது என்று சொல்லுவார். மாட்டு வண்டி மேட்டில் திணறினால் தள்ளமாட்டார், எங்கே உராய்கிறது என்று குனிந்து பார்ப்பார். "படிச்சது போதும். ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவாது. ஏரைப் புடி" என்று நைனா சொல்லிவிட்டார். அம்மா அழுது பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் நைனா ஒரு பந்தயம் வைத்தார்.

"உன் படிப்பால அந்த ராட்னத்து வாய அடக்கிக் காட்டு. அடக்கிட்டா மறுபடி திருப்பதிக்குப் போ. இல்லைனா ஞாயித்துக்கெழமையில இருந்து கழனிக்கு வா."

அம்மாவின் முகம் ஏனோ மலரவில்லை. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

எங்கள் ராட்டினம் கத்தினால் சற்று நேரத்தில் அந்தப் பக்கத்து ராட்டினமும் கத்தும். "போட்டிக்குக் கத்த வுடறானுங்க" என்பது நைனாவின் கட்சி. மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். அதற்கு ரெசனன்ஸ் என்று பெயராம். ஒன்று அதிர்ந்தால் அதே ஜாதி இன்னொன்றும் தானாக அதிருமாம். அப்புறம் கிணற்றுக்குள் குனிந்து "ஓய்" என்று கத்தச் சொன்னார். கத்தினேன். கிணறும் "ஓய்" என்றது. "இதுதான் எதிரொலி. சத்தம் தண்ணியில முட்டித் திரும்பி வருது. நீ இன்னா சொல்றியோ அத்தயேதான் சொல்லும், ஒரு எழுத்து கூடாது கொறையாது" என்றார். இப்படி ஒழுங்காகப் பேச்சைக் கேட்கிற ஒரு ஆளை எங்கள் வீட்டில் நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மாமா ராட்டினத்தைக் கழற்றி, துரு சுரண்டி, அச்சில் விளக்கெண்ணெயும் வண்டிக்குப் போடும் மையும் குழைத்து அப்பினார். அதோடு விட்டாரா? அக்காவுக்குக் கை நோகிறதே என்று இரண்டாவதாக ஒரு ராட்டினம் வாங்கி வந்து வாளியின் மேலே மாட்டினார். கயிற்றின் ஒரு முனையை மேல் ராட்டினம் தொங்கும் கட்டையில் கட்டி, வாளி ராட்டினத்துக்கு அடியில் கொண்டுபோய், மேல் ராட்டினத்தில் ஏற்றி விட்டார். "இனிமே பாதி பலம் போதும்க்கா!" என்றார். பாதி பலம் போதுமாகத்தான் இருந்தது. ஆனால் முன்பைவிட இரண்டு மடங்கு கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. வாளி கல்யாணப் பெண் நடக்கிற மாதிரி ஆடி அசைந்து வந்தது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளும், பௌதிகத்தில் ஓசி கிடையாது என்றார் மாமா.

ஆனால் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. நைனா மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்து, "பரவால்ல, பையன் ஏதோ படிச்சிருக்கான்" என்று வாய்விட்டே சொன்னார். திருப்பதிக்கு அனுப்பிவிடலாம் என்றார். தம்பி படிக்க வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்த அம்மா சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? அவள் குழம்பைத் தீய விட்டாள். என்னைக் காரணமில்லாமல் அடித்தாள். கிணற்றடிக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் என்னதான் செய்வது என்று எனக்கே மாமாவுக்காகக் கோபம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து திருட்டுப் புளியைச் சப்பிக்கொண்டிருந்தேன். அம்மா வாளியைப் பாதியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் நன்றாகக் குனிந்து, "கால் வீக்கம் வத்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிணறு, "கால் கெடக்குது வுடு. மூணு நாளா சத்தத்தயே காணோம், இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன். கொயந்த துன்னுச்சா?" என்றது. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

"துன்னா, துன்னா" என்று நிமிர்ந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கயிறு அவள் கையிலிருந்து நழுவி, வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

நான் நேரே மாமாவிடம் ஓடினேன். எனக்கு ஒரே ஆத்திரம். "உன் எதிரொலி சுத்தப் பொய். அம்மா ஒன்னு கேட்டா அது வேற ஒன்னு சொல்லுது!"

மாமா சிரித்தார். "இன்னா சொல்லுது?"

ஒப்பித்தேன். "கொயந்த துன்னுச்சா" என்கிற இடத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கொல்லைக்குப் போனார். சுவரை மேலிருந்து கீழே பார்த்தார். கல் உத்தரத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது வேற மாதிரி எதிரொலி, பாப்பா" என்றார் கடைசியில். "புஸ்தகத்துல இல்ல. நைனாகிட்ட சொல்லாதே, சொன்னா கெட்டுப் பூடும்."

அன்று சாயங்காலம் நைனா கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அம்மா முக்காலி மேல் ஏறி நின்று, சீயக்காயும் அடுப்புச் சாம்பலும் வைத்து ராட்டினத்து அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. மாமா பார்த்தார். ஐயோ, என் படிப்பைத் தேய்க்கிறாயே என்று கத்துவார் என நினைத்தேன். அவர் பேசாமல் அவள் கையிலிருந்த தேங்காய் நாரை வாங்கி, அவளை இறங்கச் சொல்லிவிட்டு, தானே ஏறி நின்று ஒரு பொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் தேய்த்தார். இரண்டாவது ராட்டினத்தையும் விடவில்லை. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரியவர்களுக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் பக்கத்து இரண்டு ராட்டினங்களும் ஒன்றாகக் கத்தின. கயிறு இரண்டு மடங்கு, அதனால் கத்தலும் இரண்டு மடங்கு நேரம். நைனா வேட்டியை வாரிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா இது?"

நான் வாயைத் திறந்தேன். மாமா பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"என் கணக்கு தப்பாப் பூட்ச்சு மாமா" என்று நைனாவிடம் சொன்னார்.

"பாதி பலமாம், பாதி பலம்! இப்போ நேரமும் டபுள், சத்தமும் டபுள்! அந்த ரெண்டாவதயாவது கழட்டி எறி."

"அது இருக்கட்டும். எனக்குக் கை நோவுது" என்றாள் அம்மா. வாளி மெதுவாக வருகிறது என்று மூன்று நாளாகக் கரித்துக்கொட்டினவள்!

நைனா தலையில் அடித்துக்கொண்டார். மாமாவைக் கழனியில் விட்டால் ஏரிலும் ராட்டினம் மாட்டுவான் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. "இவன் இங்க இருந்தா நான் சன்னியாசம்தான் போவணும். நாளைக்கே பஸ் ஏத்தித் தொலைங்க. அங்கயே படிச்சிக்கினு கெடக்கட்டும்!" என்றார். தோற்ற ஆளுக்குப் பரிசும், நியாயத்தைச் சொல்ல வந்த எனக்கு வாய்ப்பூட்டுமாக அந்தப் பந்தயம் முடிந்தது. மாமா மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினார்.

அவர் பஸ் ஏறிய மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவியதும், அம்மா கிணற்றடிக்குப் போனாள். கீச்சென்று கத்தியது, சற்றுப் பொறுத்து அந்தப் பக்கமும் கத்தியது. வாளி வெகுநேரம் கழித்து வந்தது. அம்மா உள்ளே வந்து, "நல்லா துன்னியாடி? இன்னா துன்னே?" என்றாள்.

நான் இருந்த எரிச்சலில், "மண்ணைத் துன்னேன், போ!" என்றேன்.

அம்மா நிரம்பி வழிகிற தொட்டிக்கு இன்னொரு வாளி சேந்தப் போனாள். அந்தக் கேள்வி அம்மாவுடையது இல்லை, பெரியம்மாவுடையது என்று எனக்குப் புரிவதற்கு வெகுகாலம் ஆயிற்று. நான் சொன்ன பதிலை அம்மா அப்படியே கிணற்றில் சொன்னாளோ, இல்லை, "நெய் விட்டுப் பருப்புச் சோறு துன்னா, உன்னப் பத்திக் கேட்டா" என்று மாற்றிச் சொன்னாளோ, தெரியவில்லை.