ஏணி மாப்பிள்ளை பட்டை மாற்றினார்

என் தங்கை புருஷனைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. ‘ஏணி’ என்று கேட்டுப் பாருங்கள், பட்டறை வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். பெயரைக் கேட்டு நெட்டையான ஆள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மாப்பிள்ளை என் தோளுக்கு வருவார். நானே ஒன்றும் பனைமரம் இல்லை.

அவருடைய தொழில் வண்டியை உயர்த்துவது. ஜாக்கி வைத்துத் தூக்கி மறுபடி இறக்குகிற வேலையைச் சொல்லவில்லை. ஒரேயடியாக உயர்த்திவிடுவது. சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே ஜீப் வாங்கி வைத்திருக்கிற பைத்தியங்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டியின் அடிப்பாகம் கல்லில் தட்டக் கூடாது என்று இவரிடம் வருவார்கள். சக்கரங்களைத் தாங்குகிற ஆக்சிலுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவில் தகடு தகடாக அடுக்கி வில்லாக வளைத்த இரும்புப் பட்டைகள் இருக்கும். இவர் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் நன்றாக வளைந்த பட்டைகளை மாட்டி, பெரிய டயர் போட்டு அனுப்புவார். அதற்கப்புறம் அதே வண்டியின் எஞ்சினை எட்டிப் பார்க்க அவருக்கு முக்காலி வேண்டும். அந்த முக்காலியைப் பார்த்துத்தான் எவனோ புண்ணியவான் பெயர் வைத்தான்.

அந்தப் பட்டறைக் கொட்டகையின் ஒரு மூலையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். அதனால் அவர் வேலையைத் தினமும் பார்க்கிறவள். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். வாய்தான் கிடையாது. காலையில் “வாங்கக்கா”, சாயங்காலம் “பூட்டிடலாமாக்கா”. நடுவில் சுத்தியல் சத்தம்தான். அவருக்கும் சேர்த்து என் தங்கை பேசிவிடுவாள். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. அவள் சமையலறையிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் இங்கே ஸ்பேனர் கீழே விழும்.

அப்படிப் பேசினவளுக்கு முதுகெலும்பில் கட்டி வந்தது. கரண்டு வைத்தியம், அதாவது கதிர்வீச்சு, கொடுக்க வேண்டும் என்றார்கள். முழுசாக முடித்தால் எழுந்து நடந்துவிடுவாளாம். பாதியில் விட்டால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடுமாம். “ஒரு தடவைகூட விட்றாதீங்க” என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே தங்கவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், படுக்கை இல்லை என்றுவிட்டார்கள். போய்ப் போய்த்தான் வர வேண்டும்.

போவது என்றால் சும்மாவா? எங்கள் வீடு இருப்பது கல் உடைக்கிற குவாரிக்கு மேலே. தார் ரோட்டைத் தொடும்வரை பாறையும் பள்ளமும்தான், நடுவில் ஓர் ஓடை வேறு. ‘இந்தப் பாதையில ஏறி வந்தாலே பாதிப் பரீட்சை பாஸ்’ என்று ஜீப்புக்காரர்கள் விளையாட்டாகச் சொல்லுவார்கள். ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, நான் உள்ள வந்தா என்னைத் தூக்க இன்னொரு ஆம்புலன்ஸ் வரணும்” என்றார்.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் சொந்த ஜீப்தான். எஞ்சின்களையும் இரும்பையும் ஏற்றி வருவதற்காக உயர்த்திக் கட்டிய வண்டி அது. பட்டை ஒவ்வொன்றும் கடப்பாரை கனம். பாரம் இருந்தால் அடங்கி ஓடும். காலியாக ஓட்டினால் உள்ளே இருக்கிறவர் பல்லெல்லாம் ஆடும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டோம். கவர் நான்தான் தைத்தேன். அக்கம்பக்கத்து ஆட்கள் போர்வையோடு தங்கையைத் தூக்கி ஏற்றுவார்கள். மாப்பிள்ளை கை கொடுக்க வர மாட்டார். முன்னாலேயே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பாசம் இருக்கிறதா என்று நான் பல்லைக் கடித்திருக்கிறேன்.

முதல் தடவை போனபோது அவள் என் கையைக் கடித்தாள். அடுத்த தடவை கத்தினாள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கத்தல். அவர் திரும்பியே பார்க்காமல் ஓட்டினார். வண்டியை எவ்வளவு மெதுவாக உருட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக உருட்டினார். ஆனாலும் கல் கல்தானே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டையைப் பிரித்து நடுவில் இருந்த தகடுகளில் சிலதை உருவிப் போட்டுவிட்டார். இறுக்கம் குறையட்டும் என்று. வேறொருவர் இப்படிச் செய்துவிட்டு வந்திருந்தால் அந்த ஆளைக் கொட்டகைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தே செய்தார். அவள் கத்தியது காதில் இருந்தால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

அடுத்த தடவை ஓடைவரை வண்டி பஞ்சாகத்தான் போனது. ஓடையைத் தாண்டியதும் ஒரு பெரிய பள்ளம். அதில் இறங்கியதும் தகடு போன பட்டை பாரம் தாங்காமல் நிமிர்ந்துவிட்டது. ஆக்சில் மேலே வந்து சட்டத்தில் டமார் என்று மோதியது. தங்கை கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தமே வரவில்லை. மறுபடி மூச்சு விடுகிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்ததும் சொன்னாள்: “இனிமே என்னைக் கொன்னாலும் அந்த வண்டில ஏத்தாதீங்க. கால் போனா போகட்டும்.”

நான் கொட்டகைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். “ஊருக்கெல்லாம் வண்டி கட்டித் தர்றீங்க, பொண்டாட்டிக்கு ஒரு வண்டி ஒழுங்கா கட்டத் தெரியலையா மாப்பிள்ளை? தெரிஞ்ச வேலையில போய் இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்களே!”

“தப்புதான்க்கா” என்றார்.

அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கும் இன்னும் நாலு வார்த்தை திட்ட வசதியாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வரவழைத்த புதுப் பட்டைகள் குவாரி லாரியில் வந்து இறங்கின. பழையதைவிட நீளம், தகடுகள் மெல்லிசு, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். உயரமும் குறையாது, ஆட்டமும் மெத்தென்று இருக்கும் என்றார். அதில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராகத் தங்கையின் கட்டிலுக்கே போய்விட்டார். அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதை வெச்சு நான் என்ன பண்ண? முதுகு சொறியவா?”

மாப்பிள்ளை சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது! “ஒரு தடவை வந்து பாரு. குலுங்கவே குலுங்காது” என்றார்.

அவள் அந்தப் பட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். “ஒரே தடவை. வலிச்சா அதோட சரி. அப்புறம் யாரும் என்னைக் கெஞ்சக் கூடாது” என்றாள். அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் கொட்டகையில் வேறு எந்த வண்டியையும் அவர் தொடவில்லை. ஜீப்பைத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தார். ஆக்சில் தொங்கி பிரேக் குழாயை இழுத்துவிடாமல் இருக்க அதற்குத் தனியாக ஒரு ஜாக்கி. ஆக்சிலோடு பட்டையைச் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டுகள் துருப்பிடித்துப்போய் ஒன்றும் அசையவில்லை. எண்ணெய் விட்டார், நெருப்புக் காட்டினார், அடித்தார். கடைசியில் அறுத்தே எடுத்தார். பழைய பட்டை தரையில் விழுந்த சத்தத்துக்கு உள்ளேயிருந்து தங்கை, “அதை என் தலையில போடாம இருந்தீங்களே!” என்றாள். புதுப் பட்டையின் நடு ஆணி ஆக்சிலில் இருக்கிற குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். அவர் கீழே படுத்துக்கொண்டு, “கொஞ்சம் மேல, இன்னும், போதும்க்கா” என்று சொல்லச் சொல்ல, நான் ஜாக்கியை ஏற்றி இறக்கினேன். இரண்டு முனைகளிலும் ரப்பர் புஷ் வைத்துப் போல்ட் கோத்தார். கையால் திருகி அப்படியே விட்டார்.

‘பாரம் தரையில நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு’ என்பதுதான் வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லுகிற ஒரே பாடம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிப்போகும். பிறகு வண்டி இறங்கினால் பட்டையை ஆடவிடாமல் அது முரண்டு பிடிக்கும். மற்றவர்களுக்கு வெறும் வண்டியை இறக்கி முறுக்கித் தருவார். இதற்கு அது போதாது என்றார். எந்த பாரத்தோடு ஓடப்போகிறதோ அந்த பாரத்தோடே முறுக்க வேண்டுமாம்.

என்னை மெத்தைப் பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னார். டிரைவர் சீட்டில் ஒரு பழைய கியர்பாக்ஸைத் தூக்கி வைத்தார். “அது நான்” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு ஒரு சாக்கில் மணலை நிரப்பி, முதுகில் சுமந்து தள்ளாடிக்கொண்டு வந்து மெத்தை மேல் கிடத்தினார். “இது அவ.”

மெத்தை அமுங்கியதைப் பார்த்தேன். என் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் அவளைக் குளிப்பாட்டுகிறவள் நான்.

“மாப்பிள்ளை, இவ்வளவு இல்ல” என்றேன்.

“சரியாத்தான் போட்டேன்க்கா. எனக்குத் தெரியாதா?”

“அது அப்போ. இப்போ இவ்வளவு இல்ல.”

கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். “தூங்கறா. லேசா தூக்கிப் பாத்தேன்” என்றார். சாக்கின் வாயைப் பிரித்து இரண்டு கையாலும் மணலை அள்ளிக் கீழே போட ஆரம்பித்தார். நிறுத்துவார் நிறுத்துவார் என்று பார்த்தேன். அள்ளிக்கொண்டே இருந்தார். சாக்கு துவண்டு மடங்கிவிட்டது.

“போதும் மாப்பிள்ளை” என்றேன். எனக்குத்தான் தாங்கவில்லை.

“இன்னும் இருக்குக்கா” என்றார். இன்னும் அள்ளினார்.

பிறகு அடியில் போய்ப் படுத்து முறுக்கினார். அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதேன். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அழுதேன். கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் காலையில் கிளம்பினோம். இந்தத் தடவை அவரே தங்கையை இரண்டு கையில் ஏந்திக்கொண்டு வந்து மெத்தையில் கிடத்தினார். போர்வை பிடிக்க வந்தவர்கள் சும்மா நின்றார்கள்.

பாறைகளில் வண்டி ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது, மெத்தைக்குத் தெரியவில்லை. ஓடையைத் தாண்டினோம். அந்தப் பள்ளம் வந்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வண்டி ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்தது, மெல்ல நிமிர்ந்தது. சத்தமே இல்லை.

“பள்ளம் போயிடுச்சா?” என்றாள் தங்கை.

“போயிடுச்சுடி.”

“ஏங்க, தொட்டில் மாதிரி இருக்கு” என்று முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மாப்பிள்ளைக்கு வாய் வந்துவிட்டது. “நான்தான் சொன்னேன்ல? இதோ தார் ரோடு வந்துடும், அப்புறம் ஒண்ணுமே இல்ல. திரும்பி வரும்போது யூ போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கிட்டா இன்னும் நல்லா ஆயிடும். நீ நடக்க ஆரம்பிச்சதும் முன்னால உக்காரு. படி ஒண்ணு வெச்சித் தர்றேன், இல்லாட்டி ஏற முடியாது உன்னால.” நான் அவரை அவ்வளவு பேசிக் கேட்டதே இல்லை.

தார் ரோட்டில் ஏறினோம். புதிதாகப் போட்ட ரோடு. ஒரு கல் கிடையாது, ஒரு மேடு கிடையாது. அங்கேதான் அவள் கத்தினாள்.

அதுவரைக்கும் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. “ஐயோ அக்கா, ஐயோ அக்கா” என்றாள். நான் எங்கே பிடிப்பது, எதைத் தடவுவது? மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். குலுங்காமல்தான் நிறுத்தினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வலி அடங்கியபோது அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. “அவர் எங்க?” என்றாள். “அடியில” என்றேன். கீழே ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார். கையைப் பட்டையின் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டிருந்தார்.

“வெளிய வாங்க மாப்பிள்ளை.”

“எல்லாம் சரியா இருக்குக்கா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.” மறுபடியும் தட்டினார். “ஏதாவது ஒண்ணு லூசா இருந்திருக்கக் கூடாதாக்கா?”

மேலேயிருந்து தங்கையின் குரல் வந்தது. “ஏங்க, வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்.”

“பாதி வழி வந்தாச்சுடி, ஆஸ்பத்திரி இதோ இருக்கு” என்று நான் சண்டைக்குப் போனேன். “கெஞ்ச மாட்டேன்னு தலைய ஆட்டினல்ல?” என்றாள். மாப்பிள்ளை வெளியே வந்து, முதுகு முழுக்க மண்ணோடு என் முகத்தைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள் நான். அன்றைக்கு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினார். வீடு வந்து சேருகிறவரைக்கும் அது ஒரு இடத்தில்கூடக் குலுங்கவில்லை.